அடைத்த கதவும் பகிர்ந்த படமும்: ஆற்றுப்படை மரபின் நோக்கில் சமூக ஊடக நிதிவேண்டல்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவச் செலவுக்கும் பேரிடர்த் துயர்துடைப்புக்கும் பொருள் வேண்டிச் சமூக ஊடகங்களில் பகிரப்படும் செய்திகள் இன்று தமிழில் தனித்ததோர் எழுத்து வகையாக நிலைபெற்றுள்ளன. இவ்வகையை ஆற்றுப்படை இலக்கியத்தோடு ஒப்பிட்டு, ஒருவரது வறுமையை யார், எப்போது, யாரிடம் எடுத்துரைக்கிறார் என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் தொண்டிப் பகுதியில் புழங்கும் செய்திகளும் அப்பகுதியின் மொய், ஜகாத் வழக்கங்களும் சிறுபாணாற்றுப்படை, புறநானூறு, திருக்குறள் ஆகியவற்றோடு இணைத்து நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, ஈகை, மொய், நிதிவேண்டல், வாட்ஸ்அப், தொண்டி

முன்னுரை

தொண்டி, நம்புதாழை, சோலியக்குடி, எஸ்.பி.பட்டினம் முதலிய கடலோர ஊர்களில் கைப்பேசி வைத்திருக்கும் எவரும் வாரத்திற்கு ஒருமுறையேனும் ஓர் உதவி வேண்டல் செய்தியைப் பெறாமல் இருப்பதில்லை. அதன் அமைப்பு ஏறத்தாழ மாறாதது. ‘அவசரம்’ என்ற சொல்லோ ஒரு வாழ்த்தோ முதலில் வரும். பின்னர் நோயாளியின் பெயர், வயது, ஊர், நோய், மருத்துவமனை, தேவைப்படும் தொகை ஆகியவை வரிசையாக வரும். கீழே வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, யு.பி.ஐ. எண் இருக்கும். உடன் ஒரு படம். பணம் கொடுக்க இயலாதவர்கள் பகிரவாவது செய்யுங்கள் என்ற வேண்டுகோளோடு செய்தி முடியும்.

இவ்வகைச் செய்திகளைத் தகவல் தொடர்பியலார் ஆராய்ந்திருக்கின்றனர். சட்டத்துறையினர் மோசடி என்ற கோணத்தில் பேசுகின்றனர். தமிழ் இலக்கிய ஆய்வு இவற்றைப் பனுவல்களாகக் கருதுவதில்லை. ஆயினும் வறுமையை மொழியில் வடித்துப் பொருள் பெறும் கலை தமிழில் பழமையானது. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படையாக அமைந்திருப்பதே அதற்குச் சான்று. பழைய கலையை அளவுகோலாகக் கொண்டு புதியதை அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் முயற்சி.

தொண்டி என்றவுடன் சங்கப் பாடல்களை நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அப்பாடல்களில் பெரிதும் பேசப்படும் தொண்டி சேரரின் மேலைக் கடற்கரைத் துறைமுகம். இக்கட்டுரையின் தொண்டி பாக்கு நீரிணைக் கரையில், திருவாடானை வட்டத்தில் உள்ளது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் நறுமணப் பொருள்களோடு வரும் தொண்டியை இவ்வூராகக் கொள்வாரும் உளர். அந்த விவாதம் இங்கே தேவையில்லை.

என் நிலைப்பாட்டையும் கூற வேண்டும். இவ்வகைச் செய்தி ஒன்றை எழுதியவர்களுள் நானும் ஒருவர். 2019இல் என் தாய்மாமன் சிறுநீரகச் செயலிழப்பால் மதுரையில் சிகிச்சை பெற்றபோது, தமிழ் படித்த பிள்ளை என்பதால் வேண்டுகோளை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. படம் எடுத்ததும் நானே. எனவே பின்வரும் விமர்சனம் பிறர்மீது மட்டும் வைக்கப்படுவதன்று.

வழி சொல்பவர் யார்?

ஆற்றுப்படையின் இலக்கணத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தெளிவாகக் கூறுகிறது. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனிடம் தான் பெற்ற வளத்தைச் சொல்லி, அவனும் சென்று பயன்பெறுமாறு வழிப்படுத்துவது அது. இவ்விலக்கணத்தில் கவனிக்க வேண்டியது சொல்பவனின் தகுதி. அவன் இடைத்தரகன் அல்லன். புகழ்பாட அமர்த்தப்பட்டவனாகவும் நூலுக்குள் காட்டப்படுவதில்லை. நேற்றுவரை பசித்திருந்தவன், இன்று உண்டவன். அவனது உடலும் அவன் அணிந்திருக்கும் புத்தாடையும் அவன் சொல்லுக்குச் சான்றாகின்றன.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் வழியும் வெறும் புகழ்ச்சியாக இல்லை. எயிற்பட்டினத்து நுளையர், வேலூர் எயினர், ஆமூர் உழவர் என வழிநெடுக யார் எதிர்கொள்வர், உண்பதற்கு என்ன தருவர் என்பது ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது. அதன் பிறகே நல்லியக்கோடனின் கிடங்கில் வருகிறது. இன்றைய சொல்லில் கூறினால், சரிபார்க்கத் தக்க தகவல். கேட்பவன் எயிற்பட்டினம் சென்று பார்த்தால் பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடும்.

சமூக ஊடகச் செய்தியில் திசை தலைகீழாகிறது. ஆற்றுப்படை வறியவனைக் கொடையாளியிடம் அனுப்புகிறது. இச்செய்தி கொடையாளியை வறியவரின் வங்கிக் கணக்கிற்கு அனுப்புகிறது. பெயர்களின் நிலையும் தலைகீழ். ஆற்றுப்படையில் பெயர் பெறுபவன் பாட்டுடைத் தலைவனாகிய கொடையாளி. பெறுபவன் பாணன், பொருநன், கூத்தன் என்று குலப்பெயராலோ தொழிற்பெயராலோ மட்டும் சுட்டப்படுகிறான். நல்லியக்கோடனை நாம் அறிவோம். அவனிடம் பரிசில் பெற்ற பாணனின் பெயர் நமக்குத் தெரியாது. அந்தப் பெயரின்மை அவனுக்கு ஒரு போர்வை. வாட்ஸ்அப் செய்தியிலோ பெறுபவரின் பெயர், வயது, தெரு, நோய், முகம் அனைத்தும் வெளிப்படுகின்றன. கொடுப்பவர் எண்ணாகவும் பாதி அறுபட்ட பெயராகவும் வங்கிப் புத்தகத்தில் பதிவாகிறார்.

இதே கடற்கரையின் கீழக்கரையில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீதக்காதி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் புரவலராக அறியப்படுபவர். அவர் பெயர் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. அவரிடம் பொருள் பெற்ற எளியவர்களின் பட்டியல் எங்கும் இல்லை. இல்லாமல் இருப்பதே முறை என்று அக்காலம் கருதியிருக்கலாம்.

சான்றாளர் யார் என்ற கேள்வியில்தான் இன்றைய செய்தி பெரிதும் தடுமாறுகிறது. பகிர்பவர் நோயாளியை அறியாதவர். அவருக்கு அனுப்பியவரும் அறியாதவர். வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அத்தகைய செய்திகளின் தலையில் இரட்டை அம்புக்குறி தோன்றும். வதந்திகளைத் தடுக்கக் கொண்டுவரப்பட்ட இந்த அடையாளம், உதவி வேண்டல் செய்தியில் ஒரு முரணை உண்டாக்குகிறது. எத்தனை பேர் இரங்கிப் பகிர்ந்தார்களோ அந்த அளவிற்கு அது நம்பத் தகாததாகிறது. ஆற்றுப்படையில் வாய்மொழி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நேரில் சென்றது. பாணர் பலர் சொல்லக் கேட்டால் நல்லியக்கோடன்மேல் நம்பிக்கை கூடியிருக்குமே தவிரக் குறைந்திராது.

அடைத்த கதவு

சிறுபாணாற்றுப்படையின் வறுமைக் காட்சி பலராலும் எடுத்தாளப்படுவது. சமைக்க ஒன்றுமில்லாத அடுக்களையில், ஈன்றணிமையுடைய நாய் கண் திறவாத குட்டிகளுக்குப் பால் கொடுக்க மாட்டாமல் குரைக்கிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு அறியாதவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று நாணிக் கதவை அடைத்து, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். வறுமையின் சிறந்த ஓவியமாக இதனைப் பாராட்டுவது வழக்கம். கதவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

மூடிய கதவுக்குள் நடந்தது நமக்கு எப்படித் தெரிகிறது? உள்ளே இருந்த பாணனே சொல்கிறான். பசி தீர்ந்த பின், யானையும் தேரும் பெற்று வரும் வழியில் சொல்கிறான். தன்னைப் போலவே கதவடைத்து உண்ணும் இன்னொருவனிடம் சொல்கிறான். கொடையாளியின் இரக்கத்தைத் தூண்டுவதற்காக அன்றி, எதிரே நிற்பவனின் கூச்சத்தைப் போக்குவதற்காக அவன் தன் கதவைத் திறந்து காட்டுகிறான். உரைப்பவன், உரைக்கும் காலம், கேட்பவன் ஆகிய மூன்றும் பொருந்தியிருப்பதால் அக்காட்சி அவனை இழிவுபடுத்தவில்லை.

சமூக ஊடகச் செய்தியில் இம்மூன்றும் மாறிவிடுகின்றன. உரைப்பவர் பிறர், காலம் துன்பம் நிகழ்ந்துகொண்டிருக்கும் போது, கேட்பவர் எவரென்று வரையறுக்க இயலாதவர். சிறுபாணின் கிணைமகள் யார் கண்ணுக்கு அஞ்சினாளோ அந்த அறியாதவர்களே இங்கு முதல் வாசகர்கள்.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இதற்கு இணையான ஒரு கருத்து உண்டு. தானத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்று, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதனினும் நன்று என்பது 271ஆம் வசனத்தின் பொருள். அடுத்து 273ஆம் வசனம், கேட்கக் கூசும் வறியவர்களைப் பற்றிப் பேசுகையில், அவர்களது தன்னடக்கத்தைக் கண்டு அறியாதவர் அவர்களைச் செல்வர் என்றே எண்ணுவர் என்கிறது. வறியவரின் மறைப்பைப் புரிந்துகொள்ளாதவரைச் சுட்ட இரு நூல்களும் அறியாமை என்ற கருத்தையே பயன்படுத்துவது தற்செயல் ஒற்றுமைதான். ஆனால் இரண்டையும் வழிவழியாகக் கேட்டு வளர்ந்த தொண்டி போன்ற ஊரில் இந்த ஒற்றுமைக்குப் பொருள் உண்டு. ரமலான் மாதத்தில் ஜமாஅத் பெரியவர்கள் ஜகாத் தொகையை இருட்டிய பின் உறையில் வைத்து வீட்டிற்கே கொண்டுபோய்க் கொடுப்பதை இங்கு பலரும் அறிவர். பெற்றவர் பெயரைக் கேட்பது நாகரிகமன்று.

திருக்குறளின் ஈகை அதிகாரத்திலும் இக்கவலை உள்ளது. இல்லாமையின் துன்பத்தைச் சொல்லாமை பற்றிய குறளுக்கு (223) உரைகள் பலவாறு பொருள் விரிக்கும். அவற்றுள் ஒன்று, வறியவன் இல்லை என்று வாய் திறக்கும் முன்பே குறிப்பறிந்து கொடுப்பது. அடுத்த குறள் ஒரு படி மேலே சென்று, இரந்தவரின் முகம் மலரக் காணும்வரை இரக்கப்படுதலும் துன்பமே என்கிறது. கொடுப்பவரும் ஒரு வருத்தத்திற்கு ஆளாகிறார், அது முகத்தைக் கண்டால்தான் தீரும் என்ற நுட்பம் இதில் இருக்கிறது. செய்தியில் நாம் காணும் முகமோ மலர்வதற்கு முந்தைய முகம். அது படத்தில் அப்படியே நின்றுவிடுகிறது.

நான் எழுதிய செய்தியை மீண்டும் படித்தேன். என் மாமா விசைப்படகுகளுக்கு இன்ஜின் பழுதுபார்ப்பவர். ஓசையைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் எனத் துறையில் பெயர் பெற்றவர். செய்தியில் அவரை நான் ‘ஏழைக் கூலித் தொழிலாளி’ என்று எழுதியிருந்தேன். மெக்கானிக் என்றால் இரக்கம் பிறக்காது என்று நினைத்தேன். சட்டையின்றி ஒருவர் முன்னும் நிற்காதவரை, கழுத்தில் குழாயோடு படமெடுத்தேன். அவர் மறுக்கவில்லை, மறுக்கும் நிலையிலும் இல்லை. தொகை வந்தது. அதனால் சில மாதங்கள் சிகிச்சை நடந்தது என்பதையும் மறைக்க முடியாது.

காணாது கொடுத்தல்

இவ்விடத்தில் எதிர்வாதத்தைக் கேட்டாக வேண்டும். ஊர் ஜமாஅத்தோ தெருவோ திரட்ட முடிந்த தொகைக்கு எல்லை உண்டு. கேரளத்தில் முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயுற்ற ஒரு குழந்தையின் மருந்துக்கு 2021 ஜூலையில் ஒரு வாரத்திற்குள் 18 கோடி ரூபாய் திரண்டது. எந்த வள்ளலும் தனியாகக் கொடுத்திராத தொகை அது. அதைத் திரட்டிய பதிவில் பேசியவர் குழந்தையின் தமக்கை. அதே நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். தன் நிலை தம்பிக்கு வரக்கூடாது என்றார். நான் அறிந்த நிதிவேண்டல்களில் ஆற்றுப்படைக்கு மிக நெருங்கியது அதுவே. துன்பத்தை உள்ளிருந்து அறிந்தவரே வழி சொன்னார். இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையும் விலை மிகுந்த சிகிச்சைகளுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் இணையதளத்தை ஒரு வழியாக ஏற்றுக்கொண்டது. அரசே ஏந்தும் கையாக மாறுவது சரியா என்பது வேறு கேள்வி. எனக்கு அது உவப்பானதாகத் தோன்றவில்லை. அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் இத்தகைய நிதிதிரட்டலுக்கு அரசின் கண்காணிப்பு வேண்டும் என்று கருத்துரைத்தது.

ஆக, பெருந்தொகை திரட்டும் ஆற்றல் ஐயத்திற்கு இடமற்றது. சிக்கல் கொடுக்கும் முறையில் இருக்கிறது. புறநானூற்று 208ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியின் பரிசிலை மறுக்கிறார். மலைகள் பல கடந்து வந்தவரை நேரில் காணாமல், இதைக் கொண்டு செல்க என்று பொருளை மட்டும் அனுப்பிவைத்தான் மன்னன். காணாமல் கொடுத்ததை ஏற்க நான் வணிகன் அல்லேன் என்பதே புலவரின் மறுமொழி. தகுதியறிந்து கொடுத்தால் தினையளவாயினும் இனிது என்றும் சொல்கிறார். யு.பி.ஐ. வழிக் கொடை முழுவதும் காணாது கொடுப்பதே. பெருஞ்சித்திரனாருக்கு இருந்த மறுக்கும் உரிமை படுக்கையில் இருப்பவருக்கு இல்லை.

இதற்கு மாறாக, நோயாளியின் முகத்தைக் காட்டாமலே வென்ற முயற்சியும் உண்டு. 2014இல் உலகெங்கும் பரவிய பனிநீர் வாளி அறைகூவலில் தலையில் குளிர்நீரை ஊற்றிக்கொண்டு படம் பகிர்ந்தவர்கள் கொடையாளிகளே. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்திற்கு 11 கோடியே 50 லட்சம் டாலர் கிடைத்தது. விளம்பர மோகம் என்று அதைப் பழித்தவர்கள் பலர். நாணமும் நகைப்பும் கொடுப்பவர் பக்கம் சென்றன என்ற அளவில் அது நம் செய்திகளை விட மேலானது என்பது என் கருத்து.

மொய்யும் கணக்கும்

தொண்டிக்கு வடக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி என மொய் விருந்துக்குப் பெயர்பெற்ற ஊர்கள் வரும். ஆடி, ஆவணி மாதங்களில் கறி விருந்து வைத்து, வந்தவர்கள் எழுதும் மொய்யைத் தொழிலுக்கும் கடனடைப்புக்கும் பயன்படுத்துவர். பிறர் விருந்தில் அதைத் திருப்பிச் செய்வர். இவ்வடிவம் அறப்பணிக்கும் பயன்பட்டிருக்கிறது. வயநாடு நிலச்சரிவுக்குப் பின் 2024 ஆகஸ்டில் திண்டுக்கல்லின் ஒரு பிரியாணி உணவகம் நிவாரணத்திற்காக மொய் விருந்து நடத்தியது. அழைப்பு சமூக ஊடகங்களில் பரவியது. ஆனால் கொடுப்பவர் நேரில் வந்து, இலையில் உண்டு, எழுதிச் சென்றார்.

திருவள்ளுவர் கண்ணோட்டத்தில் மொய் ஈகை ஆகாது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுக்கும் தன்மையன என்கிறது 221ஆம் குறள். மொய் நோட்டு அந்த அளவுக் கணக்கின் உருவம். எனினும் மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கொடை பற்றிய கட்டுரையை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. திருப்பிச் செய்ய இயலாத கொடை பெற்றவரைத் தாழ்த்துகிறது என்றார் அவர். திருப்பிச் செய்யும் வாய்ப்பு பெறுபவரின் மானத்தைக் காக்கிறது என்ற வகையில் மொய் ஈகையால் இயலாத ஒன்றைச் செய்கிறது. வள்ளுவரும் மோஸும் இங்கு உடன்படவில்லை. ஒருவர் கொடுப்பவரை நோக்கிப் பேச, மற்றவர் பெறுபவரை நோக்கிப் பேசுகிறார் என்று சமாதானம் சொல்லிக் கடந்துவிடவும் எனக்கு விருப்பமில்லை. நான் கண்ட நிகழ்ச்சியில் இவ்விரண்டும் மோதவே செய்தன.

2020இன் தொடக்கத்தில் மாமா காலமானார். நாற்பது நாள் கழிந்ததும் மாமி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “யார் யார் கொடுத்தாங்கன்னு எழுதி வச்சியா?” என்பது. கையில் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பெயர்களை அவர் ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதியிருந்தார். அவர்கள் வீட்டுத் திருமணங்களுக்கும் குழந்தைப் பேறுகளுக்கும் இன்றுவரை செய்து வருகிறார். கணக்கிற்கு வந்த தொகைக்கு என்னால் பெயர் சொல்ல இயலவில்லை. ஷார்ஜாவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்ததாகத் தெரிந்த சிலரைத் தவிர மற்றவை எண்களே. அல்லாஹ்வுக்காகக் கொடுத்தவர்கள் திருப்பி எதிர்பார்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். “அவங்க எதிர்பார்க்க மாட்டாங்க, எனக்குத் தூக்கம் வரணும்ல” என்றார்.

செய்தியோ மாமாவோடு முடியவில்லை. 2023இல் பல்கலைக்கழக விடுதியில் நான் சேர்க்கப்பட்டிருந்த ஒரு குழுவில் அது வந்து விழுந்தது. அதே படம், ‘ஏழைக் கூலித் தொழிலாளி’ என்ற அதே என் சொற்கள், மாமியின் கணக்கு எண். சிலவற்றில் கணக்கு எண்ணை மாற்றி மோசடி செய்வதும் நடப்பதுண்டு. இதில் அதுவும் நடக்கவில்லை. இரட்டை அம்புக்குறி மட்டும் கூடியிருந்தது. அந்தக் கணக்கில் அதன்பின்னும் நூறும் இருநூறுமாக வந்துகொண்டிருந்ததை மாமி வங்கிக்குச் சென்றபோது அறிந்தார். இறந்தவருக்குக் கொடுத்தவர்களிடம் இறந்துவிட்டார் என்று சொல்ல வழியில்லை. தொகை நிறைவடைந்தது, இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவிக்கும் நிறைவுச் செய்திகளும் எங்கள் குழுக்களில் எப்போதாவது வருவதுண்டு. ஆற்றுப்படையின் பெற்றதை உரைக்கும் பகுதிக்கு ஈடான பகுதி அதுதான். அதை யாரும் பகிர்வதில்லை. நானும் எழுதவில்லை; எழுதலாம் என்று அன்று தோன்றவேயில்லை.

வங்கிக் கணக்கை மூடும்முன் மாமி அதில் சேர்ந்திருந்ததை எடுத்தார். தெற்குத் தெருவில் சுத்திகரிப்புச் சிகிச்சை தொடங்கியிருந்த ஒருவரின் மனைவியைப் பார்க்க என்னையும் அழைத்துச் சென்றார். குமணன் தந்ததை எல்லோர்க்கும் கொடு, என்னைக் கேளாமலே கொடு என்று மனைவியிடம் கூறும் புறநானூற்று 163ஆம் பாடல் அன்று எனக்கு நினைவுக்கு வந்தது. மாமிக்கு அந்தப் பாடல் தெரியாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திற்கு எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும், வருமானச் சான்றை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும், மதுரையில் துணைக்கு வருபவர் இரவில் எங்கே தங்கலாம், இராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு எதற்கெல்லாம் மதுரை போக வேண்டியதில்லை என்பவற்றை அவர் வாசலிலேயே சொல்லத் தொடங்கினார். பிறகு இருவரும் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டனர். நான் வெளித் திண்ணையில் இருந்தேன்.